ரிட்டர்ன் பைப்

ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று என் விரலுக்குத் தெரியவில்லை. லாரியின் கேபினைச் சாய்த்து, காற்று வரும் ஹோஸைக் கழற்றி, இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கிற டர்போவின் வாய்க்குள் கையை விட்டு, சக்கரத்தின் நடுவில் இருக்கிற நட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மேலும் கீழும் அசைக்கிறேன். முன்னுக்கு இழுத்துப் பின்னுக்குத் தள்ளுகிறேன். முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன். மேலும் கீழும் ஒரு மயிரிழை ஆடலாம், முன்னும் பின்னும் ஆடவே கூடாது, சக்கரம் ஓட்டில் உரசக் கூடாது. சங்ககிரி ரோட்டில் இருக்கிற பாதிப் பட்டறைக்காரர்கள் டயல் வைத்துப் பார்க்கிறார்கள். எனக்கு விரல் போதும் என்று நானே எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன். இப்போது விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே யாரோ பழைய துணியை மடித்து வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அசைகிறது என்று நினைத்தால் அசைகிறது, அசையவில்லை என்று நினைத்தால் அசையவில்லை. சர்க்கரை. மூன்று வருஷமாக இருக்கிறது, ஒரு வருஷமாக விரலுக்கு வந்திருக்கிறது. போன மாசம் அடுப்பிலிருந்து பால் போசியை வெறும் கையால் இறக்கி வைத்தேன். என் மனைவி சுலோச்சனா அலறினாள். அவள் ஏன் அலறினாள் என்று திரும்பிப் பார்த்தபோதுதான் என் உள்ளங்கை சிவந்து உப்பியிருந்ததைக் கண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குண்டூசியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, குத்துதா, குத்துதா என்று கேட்டாள். கண்ணை மூடச் சொல்லியிருந்தாள், நான் அரைக்கண் திறந்து ஊசி போகிற இடத்தைப் பார்த்து, குத்துதுங்க, குத்துதுங்க என்று சொல்லி வந்தேன். யாரை ஏமாற்றினேன்? அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. வெளியே வந்து சுலோச்சனாவிடம் கை நல்லா இருக்குதாம் என்றேன். அவள் சாமிக்கு ஒரு கற்பூரம் ஏற்றினாள். அந்தக் கற்பூரம் இன்னும் எனக்கு நெஞ்சில் எரிகிறது. சக்கரத்தைச் சுற்றிவிடுகிறேன். சுற்றுகிறது. உரசுகிற சத்தம் இல்லை. காது இருக்கிறது. காது இன்னும் இருக்கிறது.

"என்னங்கண்ணா, டர்போ போச்சுதானுங்க?" வேப்பமரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தயாளன் கேட்கிறான், கண் போனில் இருக்கிறது. வண்டி அவனுடையது. அவன் அப்பா விட்டுப்போன மூன்று லாரிகளில் இதுதான் புதுசு. "பாக்கறனுங்க" என்கிறேன். "பாக்கறதுக்கு என்னங்கண்ணா இருக்குது. நீலப் பொகையாத் தள்ளுது. சைலன்சர்ல ஆயில் சொட்டுது. ஓடி வந்த வண்டியச் சூடு ஆறாம டக்குனு ஆஃப் பண்ணுனா டர்போ போகாம என்ன பண்ணும்? சொன்னாக் கேக்கற ஆளா?" அந்த ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். டிரைவர் சடையப்பன். ஐம்பத்தெட்டு வயசு, காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் இல்லாத இடத்தில் ஊக்கு. அவர் தயாளனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, வண்டியின் முன் டயரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்: "நான் அப்படி ஆஃப் பண்ணுனதில்ல தம்பி." "பின்ன டர்போ தானாப் போச்சுங்களா?" எனக்குத் தெரியும், அவர் அப்படி ஆஃப் பண்ணுகிற ஆள் இல்லை. இந்தப் பட்டறை வாசலில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார், ஹேண்ட் பிரேக் போடுவார், இறங்கி ஒரு பீடி பற்றவைப்பார், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பீடி முடிந்து அணைத்த பிறகு ஏறிச் சாவியைத் திருப்புவார். டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுச் சுற்றுகிற சாமான், ஓடி வந்த வேகத்தில் நிறுத்தினால் ஆயில் நின்றுபோய் உள்ளேயே வெந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது நானே சொல்லியிருப்பேன். இன்று காலை பத்து மணிக்கு வந்தபோதும் அதைத்தான் செய்தார். நீலப் புகை பட்டறை முழுக்கக் கவிய, எதிர்க்கடைக்காரன் மூக்கைப் பொத்த, அவர் நின்று பீடியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் அணைத்தார். தயாளன் அதற்கப்புறம் புல்லட்டில் வந்தான். பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தாலும் என்ன. அவனுக்குப் பின்னால் ஒருத்தன் உட்கார்ந்து வந்தான், புதுச் சட்டை, கூலிங் கிளாஸ். அவன் இப்போது எதிரே டீக்கடையில் இருக்கிறான். யார் என்று கேட்டதற்கு, "நம்ம வீட்ல அவங்களுக்கு மாமன் பையனுங்க, ஹெவி லைசென்ஸ் எடுத்திருக்கறான்" என்றான் தயாளன். அதைச் சொன்னபோது சடையப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டர்போ ஆயில் ஒழுகினால் டர்போதான் குற்றவாளி என்று எல்லாரும் நினைப்பார்கள். பத்தில் ஏழு வண்டியில் அது பொய். நல்ல டர்போவைக் கழற்றித் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவார்கள், புதுசும் பத்தே நாளில் ஒழுகும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் காற்றுக்கு ஏங்கி உள்ளேயிருந்து ஆயிலை உறிஞ்சும். இன்ஜினுக்குள் காற்று முட்டிக்கொண்டு பிரீதர் வழியாக வெளியேற முடியாமல் போனால் ஆயில் கீழே இறங்க இடமில்லாமல் ஒழுகும். எல்லாம் பார்த்த பிறகுதான் டர்போவைக் கை காட்ட வேண்டும். அதனால் நான் ஃபில்டரைக் கழற்றிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், சுத்தம், சடையப்பன் வாரத்துக்கு ஒருமுறை காற்றடிக்கிற ஆள். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி ஆயில் மூடியைத் திறந்து அதன் மேலேயே தளர்வாக வைத்துப் பார்த்தேன், மூடி துள்ளவில்லை, லேசான ஆவி மட்டும் வந்தது. பிரீதர் குழாயில் வாய் வைத்து ஊதினேன், தாராளமாகப் போனது. இன்ஜின் நல்லது. இனி மிச்சம் ஷாஃப்ட் ஆட்டம்தான், சக்கரத்தின் அச்சு ஆடுகிறதா என்பது. அதைத்தான் இந்த மரக்கட்டை விரல்களை வைத்துக்கொண்டு கால் மணி நேரமாகத் தடவிக்கொண்டிருக்கிறேன். "அண்ணா, இங்க கொஞ்சம் வாங்க" என்று சடையப்பனைக் கூப்பிடுகிறேன். "இதப் புடிச்சு முன்ன பின்ன இழுத்துப் பாருங்க. எனக்குக் கையில எண்ணெய், வழுக்குது." பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பம்பரில் ஏறி நிற்கிறார், உள்ளே விரலை விடுகிறார், கண்ணை மூடிக்கொள்கிறார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கண்ணை மூடுவேன். "முன்ன பின்ன ஆட்டமே இல்லப்பா. மேல கீழ ஒரு நூல் இருக்குது. அவ்வளவுதான்." "அப்பச் சரி. டர்போ நல்லா இருக்குது." அவர் முகத்தில் அந்த ஒரு நொடி வந்த வெளிச்சத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. அவர் தயாளன் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது மெக்கானிக் என்று காத்திருக்கிறார். முறை தெரிந்த மனுஷன். "எதுனால ஒழுகுதுன்னு பாத்துட்டு ஒரேயடியாச் சொல்லலாம்" என்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு முகம் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிறார்.

இன்னும் ஒன்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. காலையிலிருந்தே தெரியும் அந்த ஒன்றுதான் என்று. புகையைப் பார்த்த உடனேயே அது தோன்றிவிட்டது, அதை ஃபில்டர், மூடி, பிரீதர் என்று மற்றதையெல்லாம் வைத்து மூடிக்கொண்டே வந்தேன். டர்போவுக்குள் மேலேயிருந்து அழுத்தத்தோடு போகிற ஆயில், வேலை முடிந்ததும் தன் கனத்திலேயே கீழே இறங்கி வர ஒரு பைப் உண்டு. ரிட்டர்ன் பைப். கட்டைவிரல் தடிமன். அதைத் தள்ளிவிட யாரும் இல்லை, பள்ளத்தைப் பார்த்து வடிகிற தண்ணீர் மாதிரி தானே வடிய வேண்டும். வழியில் துளி தடங்கல் இருந்தாலும் மேலேயே தேங்கி, ஷாஃப்ட் வழியாக இரண்டு பக்கமும் கசிந்து, ஒரு பக்கம் காற்றோடு இன்ஜினுக்குள் போகும், ஒரு பக்கம் சைலன்சருக்குப் போகும், நீலப் புகையாக ஊரெல்லாம் சொல்லும். அந்தப் பைப்பை மாட்டுப் பொங்கலன்று நான் கழற்றி மாட்டினேன். மாட்டுப் பொங்கலன்று எந்த ஸ்பேர் கடை திறந்திருக்கும். மேல்முனையில் லேசான கசிவு, பேக்கிங் கிழிந்திருக்கிறது. மறுநாள் விடியலில் லோடு. "ஏதாச்சும் பண்ணி விடுங்கண்ணா, போயிட்டு வந்து மாத்திக்கலாம்" என்று போனில் தயாளன். வீட்டில் சுலோச்சனா பொங்கல் வைத்துவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு இரும்புக்கும் நடுவே வைக்கிற அந்தப் பேக்கிங் தாளுக்குப் பதிலாகக் கசிவை அடைக்கிற சிவப்புப் பேஸ்ட்டைத் தடவினேன். அந்த இடத்தில் பேஸ்ட் வைக்கக் கூடாது. எவனுக்கும் தெரியும், கற்றுக்கொண்ட முதல் வருஷமே தெரியும். மெல்லிசாகத் தடவினால் பரவாயில்லை என்று எனக்கு நானே ஒரு விதிவிலக்கு எழுதிக்கொண்டேன். மெல்லிசாகத்தான் தடவினேன். தடவினேனா? விரல் நுனியால் தடவி, விரல் நுனியால் வழித்து, விரல் நுனி சொன்னதை நம்பி போல்ட்டை முறுக்கினேன். எந்த விரல்? அந்த விரல்தான். துணி மடித்து வைத்த விரல்.

வண்டிக்கு அடியில் படுக்கிறேன். சாக்குக்குக் கீழே தரை சுடுகிறது, மாசி வெயில் இப்போதே சித்திரை மாதிரி. இன்ஜினிலிருந்து சூட்டு வாடை, ஆயில் வாடை, காய்ந்த சேற்று வாடை, எந்த ஊர்ச் சேறோ. கீழ் போல்ட் இரண்டு, மேல் போல்ட் இரண்டு. மேல் போல்ட்டில் ரிங் ஸ்பானர் உட்கார்ந்ததா என்று தெரியாமல் இரண்டு தடவை நழுவி விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். முட்டிக்கு வலி தெரிகிறது. நுனிக்குத்தான் ஒன்றும் தெரியாது. பைப் கையோடு வந்தது. வரும்போது மேலே தேங்கியிருந்த ஆயில் மொத்தமாகத் தட்டில் கொட்டியது. அந்தக் கொட்டலிலேயே பதில் இருந்தது, பார்க்கவே வேண்டியதில்லை, ஆனாலும் பார்த்தேன். வளைவில் ஒரு நாக்கு. சிவப்பு நாக்கு. உள்பக்கமாகப் பிதுங்கி, காய்ந்து ரப்பராகி, ஆயிலில் ஊறித் தடித்து, பாதி பிய்ந்து வளைவில் போய் மாட்டிக்கொண்டு முக்கால்வாசி வழியை அடைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன், வழுக்கிக்கொண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு புளியங்கொட்டை அளவுதான். இதற்குத்தான் நாக்பூர் போய்வருகிற வழியெல்லாம் நாலு இடத்தில் வண்டியை ஓரம் கட்டி ஆயில் ஊற்றியிருக்கிறார் சடையப்பன். இதற்குத்தான் இன்ஜின் தின்னி என்று நேற்று லாரி ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் தயாளன் அவரைச் சொல்லியிருக்கிறான். அந்தப் பெயர் ஒருத்தனுக்கு விழுந்தால் அப்புறம் எந்த ஓனரும் சாவி தர மாட்டான். ஐம்பத்தெட்டு வயசுக்கு நிச்சயமாகத் தர மாட்டான். நாக்கு உள்ளங்கையில் கிடக்கிறது. இந்த ரோட்டில் எல்லாரும் கறுப்புப் பேஸ்ட் வைப்பார்கள், சிவப்பு வைப்பவன் நான் ஒருத்தன்தான், வேலை யார் செய்தது என்று பார்த்தாலே தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்ட திமிர். இதை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் காட்டினால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, தவறு யாருக்கும் வரும் என்பார்கள். இல்லை, எப்படிங்கண்ணா இவ்வளவு பேஸ்ட் வெச்சீங்க, தெரியலீங்களா என்பார்கள். தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? அந்தக் கேள்விக்குப் பின்னால் டாக்டரம்மாவின் குண்டூசி இருக்கிறது. விரல் செத்துப்போன மெக்கானிக்கிடம் எவன் இன்ஜினைக் கொடுப்பான். சடையப்பனுக்கு ஒரு பெயர் என்றால் எனக்கும் ஒரு பெயர். ஆனால் அடைப்புதான் எடுத்தாயிற்றே. டர்போவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லப்போகிறோமே. அதுவே அவர் மேல் பழியை எடுத்துவிடுமே. பிறகு இந்தப் புளியங்கொட்டை யாருக்கு வேண்டும். யோசித்து முடிப்பதற்குள் கை முடிவெடுத்துவிட்டது. தட்டில் இருந்த ஆயிலுக்குள் அது விழுந்தது. நான் தட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன், எழுந்தேன், நேராகப் போய் மூலையில் இருந்த கழிவு ஆயில் டிரம்மில் கவிழ்த்தேன். நான் தனி ஆள், என் பட்டறையில் நான் எங்கே எதைக் கொட்டுகிறேன் என்று யார் பார்க்கப்போகிறார்கள். சொளக் என்று ஒரு சத்தம். முகத்தைக் கழுவிக்கொண்டு சடையப்பன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் எல்லாம் முறையாகச் செய்தேன். எவ்வளவு முறையாகச் செய்தேன் என்றால், பார்க்கிறவனுக்கு இவன் தப்பே செய்ய மாட்டான் என்று தோன்றும். பைப்பை டீசலில் கழுவிக் காற்றடித்து, வானத்துக்கு நேரே பிடித்து வெளிச்சம் பார்த்து, இரண்டு முகத்தையும் சுரண்டி, கடைப் பேக்கிங் வைத்து, ஒரு துளி பேஸ்ட் இல்லாமல் மாட்டினேன். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றித் தேங்கியிருந்த ஆயிலை வடித்தேன். டர்போவின் மேல் வாயில் புது ஆயில் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். கேபினை இறக்கி ஸ்டார்ட் செய்தேன். முதலில் நீலமாகத்தான் தள்ளியது, சைலன்சரில் மிச்சம் இருந்தது எரிய வேண்டும். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வெளுத்தது. கால் மணி நேரத்தில் புகை வருகிறதா என்றே தெரியவில்லை. தயாளன் போனைப் பையில் வைத்துவிட்டு எழுந்து வந்து சைலன்சர் வாயில் கையை நீட்டிப் பார்த்தான். "அட, என்னங்கண்ணா பண்ணுனீங்க?" "டர்போ நல்லா இருக்குதுங்க. ரிட்டர்ன் பைப் அடச்சிருந்துச்சு. எடுத்து உட்டுட்டேன்." "என்ன அடச்சிருந்துச்சு?" இந்தக் கேள்வி வரும் என்று ஏன் நினைக்கவில்லை? வண்டிக்கு அடியில் அவ்வளவு நேரம் படுத்து என்னத்தை யோசித்தேன்? "கரிங்க" என்றேன். "கரி எப்படிங்கண்ணா வரும்?" "ஆயில் வெந்துதானுங்க வரும்." "ஆயில் எப்ப வேகும்?" அவன் விடவில்லை. அவன் குரலில் ஒரு சந்தோஷம் ஏறிக்கொண்டு வந்தது, தூண்டிலில் கனம் தெரிந்தவன் மாதிரி. "அது பல காரணம்..." "சூடா ஆஃப் பண்ணுனா வேகுமுங்களா, வேகாதுங்களா? அத மட்டும் சொல்லுங்க." இன்ஜின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. சடையப்பன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேகும்" என்றேன். அது உண்மைதான். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தயாளன் திரும்பினான். "கேட்டுக்கிட்டீங்களா? நான் சொன்னா ஒத்துக்க மாட்டீங்க. மெக்கானிக்கே சொல்லியாச்சு. சாவியக் குடுங்க. நாளையிலிருந்து மாமன் பையன் ஓட்டட்டும். நீங்க வேற எடம் பாத்துக்கங்க." சாவி வண்டியிலேயே இருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதைக்கூட யோசிக்காமல் சொன்னான். எத்தனையோ நாளாகச் சொல்லிப்பார்த்து வைத்திருந்த வாக்கியம். சடையப்பன் ஏறி இன்ஜினை அணைத்தார். கேபினுக்குள்ளேயிருந்து போர்வையை உதறி மடிக்கிற சத்தம் கேட்டது.

இப்போது சொல்ல வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்வதற்கு ஆள் இருக்காது. அரை நிமிஷம் நின்றேன், அந்த அரை நிமிஷத்தில் என் கையைப் பார்த்தேன், பட்டறையின் போர்டைப் பார்த்தேன், எதிர்க்கடையில் கூலிங் கிளாஸ்காரன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுவதைப் பார்த்தேன். "தயாளா, கரி இல்ல. நான் சொன்னது பொய்" என்றேன். "பொங்கலுக்கு நான் வெச்ச பேஸ்ட்டு. உள்ள பிதுங்கி அடச்சிருச்சு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது." தயாளன் என்னைப் பார்த்தான். ஒரு நொடி அவன் முகம் குழம்பியது, அந்த ஒரு நொடி அவன் நம்பினான் என்று நான் சத்தியம் பண்ணுவேன். பிறகு அது மாறியது. சிரித்தான். "அண்ணா, உங்களுக்கு எளகின மனசுங்க. வயசான மனுசனுக்கு வேலை போறதப் பாக்கச் சகிக்காம பழியத் தூக்கி உங்க தலையில வெச்சுக்கறீங்க." "இல்லீங்க, நெசமாலுமே." "சரி, எங்கீங்க அந்தப் பேஸ்ட்டு? காட்டுங்க." டிரம்மைக் காட்டினேன். "கொட்டிட்டேன்." "கொட்டிட்டீங்களா" என்று அவன் குழந்தையிடம் பேசுவது போலச் சொன்னான். நான் டிரம்முக்குப் போனேன். சட்டைக் கையைக்கூட மடிக்கவில்லை, தோள் வரை உள்ளே விட்டேன். அடியில் எத்தனையோ மாசத்து வண்டல், துருப்பிடித்த நட்டு, உடைந்த ரிங், பனியன் வேஸ்ட், எல்லாம் கிடக்கும். எல்லாம் கிடந்தது, எதுவும் எது என்று தெரியவில்லை. ஒன்றைப் பிடித்தேன், வெளியே எடுத்தால் துணி. இன்னொன்று, அது வெறும் வண்டல், விரலிடுக்கில் வழிந்து போயிற்று. ரப்பர் எப்படி இருக்கும், வழுவழுவென்று கொஞ்சம் அமுங்கி இருக்கும், அமுங்குவது எனக்கு எப்படித் தெரியும்? சடையப்பன் விரலாக இருந்தால் கண்ணை மூடி ஒரே துழாவலில் எடுத்திருப்பார். கை என்றால் அது கை. டிரம்மைச் சாய்த்துக் கொட்டிவிடலாம் என்று தள்ளினேன், இருநூறு லிட்டர், அசையவில்லை. கன்னத்தில், காதில், வாயில் ஆயில். தயாளன் பின்னால் வந்து என் தோளைத் தொட்டான். "வுடுங்கண்ணா. இதுக்குப் போயி. அப்படியே நீங்க சொல்றது நெசம்னே வெச்சுக்கங்க, வண்டிய மாமன் பையனுக்குக் குடுக்கறதுன்னு வீட்ல பேசி முடிச்சு ஒரு மாசமாச்சு." அவ்வளவுதான். எனக்கு அப்போது விளங்கியது, அவனுக்கு என்ன கோளாறு என்று தெரிய வேண்டியதே இல்லை, ஒரு சொல்தான் வேண்டியிருந்தது, அதை நான் கொடுத்துவிட்டேன். அவன் கேட்காமலே அல்ல, அவன் கேட்கக் கேட்கத்தான் கொடுத்தேன். கூலிங் கிளாஸ்காரன் வந்து ஏறி ஒரே உதறலில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை இரண்டு தடவை சும்மாவே மிதித்துவிட்டு ரோட்டில் ஏற்றினான். பின்னால் புல்லட். புகையே இல்லை.

சடையப்பனிடம் இருந்தது ஒரு ரெக்சின் பை, சுருட்டிய போர்வை, ஒரு சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ். பஸ் நிறுத்தம் பட்டறையிலிருந்து நாலு எட்டு. நான் கூடவே போய் நின்றேன், கையிலிருந்து ஆயில் சொட்டச் சொட்ட. வெயில் உச்சியில் நின்றது, இரண்டு மணி இருக்கும். அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், கேபினுக்குள்ளிருந்து கேட்காமல் எப்படி இருக்கும். என்ன சொல்வது என்று தெரியாமல், "அண்ணா, நம்புங்க, அது நான்தான்" என்றேன். "தெரியுது" என்றார். "அவனுக்குத்தான் நம்ப முடியல. நான் நம்பறேன்." ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு சிமென்ட் லாரி போனது, அதன் டிரைவர் ஹாரன் அடித்துக் கை தூக்கினான், இவரும் தூக்கினார். "உன்ற கைக்கு என்னாச்சு?" என்று கேட்டார். எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். சுலோச்சனாவிடம் சொல்லாததை, டாக்டரம்மாவிடம் மறைத்ததை நடுரோட்டில் வைத்துச் சொன்னேன். "மரத்துப் போச்சுங்க. ஒரு வருசமாவே." அவர் போர்வையைக் கீழே இறக்கி வைத்தார். "நாக்பூர் தாண்டி முதல்ல பொகை வந்துச்சு" என்றார். "வழி நெடுக எத்தன பட்டறை. ஒருத்தன் ஓடியே வந்தான், தாத்தா, நான் பாத்துத் தர்றேன்னு. நான் வுடல. தெரியாதவன் கையக் கொண்டுபோயி இன்ஜினுக்குள்ள எதுக்கு வுடறதுன்னுட்டு, ஆயில ஊத்தி ஊத்தி, உன்றகிட்டக் காட்டிக்கலாம்னு ஓட்டியாந்தேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னார். திருச்செங்கோட்டு பஸ் வந்தது. ஸ்டவ்வை முதலில் ஏற்றினார், பிறகு பையை, பிறகு தானும் கம்பியைப் பிடித்து ஏறினார். போர்வை கீழேயே இருந்துவிட்டது, எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். என் கையைப் பார்த்தார், அதிலிருந்த கறுப்பைப் பார்த்தார். "வேண்டாம், அழுக்காயிரும்" என்று இறங்கி அவரே எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். கண்டக்டர் விசில் ஊதினான்.

பட்டறைக்குத் திரும்பி வந்து சோப்புத் தூளைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் குளிர்ச்சியா வெதுவெதுப்பா என்று தெரியவில்லை. தொட்டி வெயிலில் இருக்கிறது, வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும். நாளைக்கு லாரி ஸ்டாண்டுக்குப் போய் நாலு பேர் முன்னால் சொல்லிவிடலாம், அவர் மேல் தப்பில்லை என்று. போவேனா. நாளைக்கு என்று சொன்னவுடனே தெரிகிறது. போன் அடிக்கிறது, ஈரக்கையோடு எடுக்கிறேன், மூன்றாவது அழுத்தலில்தான் பச்சைப் பொத்தான் பிடிபடுகிறது. தயாளன். பின்னால் காற்றுச் சத்தம், சிரிப்புச் சத்தம். "அண்ணா, சங்ககிரி மேடு ஏத்திப் பாத்தோமுங்க. ஒரு பொட்டுப் பொகை இல்ல, இழுவை பிச்சுக்குது. வேற எவனா இருந்தாலும் டர்போவ மாத்திட்டுத்தான் மறுவேலை பாத்திருப்பான். கையின்னா உங்க கைங்கண்ணா. நாளைக்கு இன்னொரு வண்டியும் அனுப்பறனுங்க, அதுலயும் ஆயில் கசியுது. அந்த டிரைவரு ஒழுங்காத்தான் வெச்சிருக்கறானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." போனைக் காதோடு வைத்துக்கொண்டு நிற்கிறேன். முழங்கை வழியாக நுரை வழிந்து சட்டைக்குள் இறங்குவது மேல்கைக்கு நன்றாகத் தெரிகிறது. அண்ணா, இருக்கீங்களா, என்கிறான். இருக்கிறேன். "அனுப்புங்க" என்கிறேன். "காலைலயே அனுப்பிருங்க."